மூடாமல் விட்ட சுவர்கள்

ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் எங்கள் தெருவுக்கு நாங்கள் குடிவந்த அன்று, பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பெண்மணி காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் ஸ்டியரிங்கில் தலைவைத்துப் படுத்திருந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன். நிமிர்ந்து பார்த்து, "ஒண்ணுமில்ல பிள்ளே, டியூட்டி முடிஞ்சு வாறேன். உள்ள போனா சமைக்கணும், அதான்" என்றாள். அதுதான் ஜோசபின் அக்கா. அப்போது அவள் கணவர் ஏசுராஜ் அண்ணன் நல்ல ஆரோக்கியமாக இருந்த காலம். அதற்கே அந்தக் களைப்பு.

அக்காவுக்கு நாகர்கோவில் பக்கம். ஹூஸ்டன் மெடிக்கல் சென்டரில் நர்ஸ். வேலைக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், ஃப்ரீவேயில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தே பாதி ஆயுள் போயிற்று. ஏசுராஜ் அண்ணன் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் என்ஜினியர். வாழ்நாளெல்லாம் இரும்பையே கட்டி அழுதவர். பாலம், எண்ணெய்த் தொட்டி, கடலுக்குள் நிற்கும் மேடை, எதுவானாலும் இரும்பில் செய்தால்தான் அவருக்கு அது செய்த பொருள். இந்த நாட்டு வீடுகளைப் பார்த்தாலே ஆகாது. மரச்சட்டங்களை ஆணியடித்து நிறுத்தி, மேலே அட்டைப்பலகையை ஒட்டி, பெயின்ட் அடித்து வீடு என்கிறார்களே என்று பொருமுவார். யார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனாலும் சுவரை விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். அது டொக் டொக் என்னும். "தீப்பெட்டி" என்பார், வீட்டுக்காரர் காதுபடவே. அந்த வீட்டுக்காரர்களில் நாங்களும் அடக்கம் என்பதால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு.

தனக்கென்று வீடு கட்டினால் இரும்புச் சட்டத்தில்தான் என்று ரோசன்பெர்க் தாண்டி ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். பிளானும் அவரே வரைந்தார். வரைந்தார், அழித்தார், மறுபடி வரைந்தார். எப்போது கட்டப் போகிறீர்கள் என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான் வரும்: "பாப்போம்." வீட்டுக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும் அதே பதில். பிள்ளைகள் பள்ளியில் டூர் போகலாமா? பாப்போம். ஊருக்கு இந்த வருஷம் போகலாமா? பாப்போம். பெண் பார்க்க வந்த அன்று பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று அக்காவின் மாமா கேட்டதற்கும் அதையே சொன்னாராம். அக்கா இதைச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் முகம் கொஞ்சம் வாடும்.

இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு காலையில் குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனவர் பாதியில் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. முழுதாகப் போகவில்லை, அதுதான் கொடுமை. மூளைக்குள் வேறு எந்தச் சொல்லும் மிஞ்சாமல் அந்த ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. டாக்டர் பெயர் கேட்டார். "பாப்போம்." இது என்ன வருஷம் என்று கேட்டார். "பாப்போம்." அக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாளா சிரித்தாளா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமாகத் தெரியாது. போகப்போக நாங்கள் பழகிக்கொண்டோம். பசிக்கிற பாப்போம் வேறு, கோபத்துப் பாப்போம் வேறு. கோபத்துப் பாப்போம்தான் அதிகம்.

பழைய வீடு மாடி வீடு. படுக்கையறைகள் எல்லாம் மேலே. அதனால் டைனிங் டேபிளை எடுத்துவிட்டு, தொங்கும் கண்ணாடி விளக்குக்கு நேர் கீழே அண்ணனுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டார்கள். கீழே இருந்த ஒரே பாத்ரூமுக்குள் வீல்சேர் நுழையாது. அக்கா அவரை நிமிர்த்தி, தன் தோளில் சாய்த்து, இழுத்துக்கொண்டு போவாள். அண்ணன் நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தூக்க மெஷின் உண்டு, கூட இரண்டு பேர் உண்டு. வீட்டில் அக்காவின் இடுப்பு மட்டும்தான். டியூட்டி நாட்களில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா வருவார். மற்ற நாளெல்லாம் அக்காதான். அண்ணன் நாற்காலியில் லேசாக அசைந்தால் போதும், நாற்காலி கிறீச்சென்ற சத்தத்துக்கே அடுப்படியிலிருந்து ஓடி வருவாள். என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதும் ஒரு காது அங்கேதான் இருக்கும்.

அவருக்கு நடக்க முடியாமல் இல்லை. ரீஹேப் சென்டரில் இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே இடது கையால் பிடித்து நடந்திருக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகு வாக்கரைத் தொட மாட்டேன் என்றார். வந்த தெரபிஸ்ட் பெண் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல், "குட் ஜாப், ஒன் மோர்" என்று கைதட்டுவாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். பிறகு இன்ஷூரன்ஸில் இத்தனை தடவைதான் என்று அவளும் வருவதை நிறுத்திவிட்டாள். அக்கா கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். மனுஷன் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான்.

சென்ற வருஷம் அக்காவின் முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. இனிமேல் தூக்கினால் நீங்களும் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கலிபோர்னியா டப்ளினில் இருக்கும் மகன் பெனிஷ், அப்பாவை நர்சிங் ஹோமில் விடுவதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது என்றான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அக்கா அந்த இடங்களைப் பார்த்தவள், ஆரம்ப காலத்தில் அங்கே வேலையும் செய்தவள். "அங்க போய் 'பாப்போம்'னா யாருக்குப் பிள்ளே புரியும்?" என்று என்னிடம் கேட்டாள். 

ஆக, அக்கா அந்த மனையில் வீடு கட்டுவது என்று முடிவெடுத்தாள். ஒற்றைத் தளம், அகலக் கதவுகள், படியே இல்லாத பாத்ரூம். அந்த வீடு அவரைத் தாங்கினால் அவர் வீட்டோடு இருப்பார். தாங்காவிட்டால் நர்சிங் ஹோம். அக்கா பெனிஷுக்குக் கொடுத்த வாக்கு அது.

கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டவர் ஜம்புநாதன். கும்பகோணத்துக்காரர், இங்கே பில்டர். அவர் மரத்திலும் கட்டுவார், இரும்பிலும் கட்டுவார். எதில் என்று மட்டும் சீக்கிரம் சொல்லிவிடச் சொன்னார். மரம் என்றால் ஆட்கள் வந்து மனையிலேயே அறுத்து அடிப்பார்கள். இரும்பு என்றால் ஒவ்வொரு சட்டமும் ஃபேக்டரியில் அளவாக வெட்டி வர வேண்டும். வந்த பிறகு மாற்றுவது கஷ்டம்.

அங்கேதான் பிடித்தது சனியன். ஏசுராஜ் அண்ணனின் ஆசை ஊருக்கே தெரியும். அதனால் ஊரே யோசனை சொல்ல வந்தது. அவர்கள் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். நான் பழனி முருகனுக்கு வேண்டிக்கொள்கிற கட்சி. ஆனாலும் அக்கா வீட்டில் கூட்டம் என்றால் டீ போட, பஃப்ஸ் சுட வைக்க நான் போய்விடுவேன். அந்த வாரம் அக்கா வாய் தவறி, வீட்டு விஷயத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஃபிரெடி அங்கிள் ஆரம்பித்தார். கரையான் அரிக்காத, மழையில் ஊறாத, எங்கள் சகோதரன் ஏசுராஜ் எப்போதும் விரும்பிய வீட்டைத் தெரிந்தெடுக்கும் ஞானத்தை இந்தச் சகோதரிக்குத் தாரும் என்று உருகினார். அவர் ஆமென் சொல்லி முடிக்குமுன் பத்மராணி ஆன்ட்டி ஆரம்பித்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அவர் மகளின் மர வீடு நன்றாகவே இருக்கிறது. காட்டு மரங்களைப் படைத்தவர் நீரே ஆண்டவரே, சிலுவையும் மரந்தானே என்றார். ஃபிரெடி அங்கிள் மறுபடியும் ஒரு சின்ன ஜெபம் செய்து கப்பல், பாலம் என்று இரும்புக்கு ஆதரவு தேடினார். நேராகச் சொன்னால் அக்கா பதில் சொல்லிவிடுவாள். கடவுளிடம் சொல்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் டீத்தட்டைத் தரையில் போடலாமா என்று வந்தது.

எல்லோரும் போன பிறகு அண்ணன் முன்னால் அக்கா ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மரமா இரும்பா, நீங்களே சொல்லுங்கள், தலையை ஆட்டினால் போதும் என்றாள். அவர் அவளையே பார்த்துவிட்டு, "பாப்போம்" என்றார். அக்கா எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். நான் துடைத்தேன். குழாய்ச் சத்தத்துக்கு நடுவே அவள் தன் பயத்தைச் சொன்னாள். பாத்ரூமிலும் நடையிலும் அவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடிகள் வேண்டும். மரம் என்றால் நினைத்தபோது நினைத்த இடத்தில் பலகை கொடுத்து அடிக்கலாம். "இரும்புன்னா எங்கெங்க பிடி வைக்கணும்னு மொதல்லயே சொல்லிரணுமாம். இவிய எங்க விழுவாவன்னு எனக்கு எப்படித் தெரியும் பிள்ளே?"

அப்படியானால் மரமே போடலாமே என்றேன். முப்பது வருஷமாக அவர் ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான், வாய் போனதும் நாம் இஷ்டத்துக்குச் செய்வதா என்றாள். ஆசைப்பட்டவர் ஆரோக்கியமாக இருந்தபோது ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை. முடிவெடுக்கும் வேலையை இவள் தலையில் கட்டிவிட்டு, ஆசையை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டார். இதை மனசுக்குள் சொல்லிக்கொண்டு, துடைத்த தட்டுகளைக் கொஞ்சம் சத்தமாகவே அடுக்கினேன். 

முடிவு சொல்ல வேண்டிய வாரத்தின் சனிக்கிழமை, கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளை நேரில் காட்டுகிறேன் வாருங்கள் என்றார் ஜம்புநாதன். அண்ணனையும் கூட்டிக்கொண்டு என் வேனில் போனோம். முதலில் இரும்பு வீடு. கூரை ஏறியிருந்தது, சுவர் மூடவில்லை. வெள்ளிபோல மின்னும் சட்டங்கள் வரிசையாக, நூல் பிடித்த மாதிரி நின்றன. எனக்கே பிடித்திருந்தது. அண்ணன் வீல்சேரிலிருந்து ஒரு சட்டத்தைத் தொடக் கை நீட்டினார். தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், தொட வேண்டாம் என்று ஜம்புநாதன் தடுத்தார். அக்கா அதற்குள் பாய்ந்து அவர் கையைப் பிடித்துவிட்டாள். ரத்தம் உறையாமல் இருக்க அவர் மாத்திரை சாப்பிடுகிறார், சின்னக் கீறலுக்கே நிற்காமல் வழியும். அண்ணன் கையை மடியில் வைத்துக்கொண்டார். மேலும் கீழும் ஒரு முறை பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த தெருவிலேயே மர வீடு. உள்ளே மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது, மரத்தூள் வாடை அடித்தது. நீளமான ஒரு நடையில் வீல்சேரை நிறுத்தினோம். இரண்டு பக்கமும் ஒரு முழத்துக்கு ஒன்றாக மரச்சட்டங்கள் நின்றன. அக்காவும் ஜம்புநாதனும் பாத்ரூம் எங்கே வரும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எதையோ முறைத்துக்கொண்டிருந்தார். நாலைந்து சட்டம் தள்ளி ஓர் ஆணி, மரத்தில் இறங்காமல் பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"பாப்போம்" என்றார். யாரும் திரும்பவில்லை. "பாப்போம்!" என்றார் மறுபடியும். ஜம்புநாதன் சிரித்துக்கொண்டே, "பாக்கலாம் அங்கிள், ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார். அவ்வளவுதான், அண்ணனின் முகம் சிவந்துவிட்டது. இடது கையால் பக்கத்துச் சட்டத்தைப் பிடித்தார். அது கைக்கு அடக்கமாக இருந்தது. இழுத்து எழுந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த சட்டத்துக்குக் கையை மாற்றினார், வலது காலை இழுத்து வைத்தார். அதற்கடுத்த சட்டம். ரீஹேப் சென்டரில் நடந்தாரே, அதே நடை. ஆனால் இங்கே யாரும் கைதட்டவில்லை. ஆணிக்குப் பக்கத்தில் போய் நின்று, நெற்றியைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து, பிடித்த கையை விட்டு, அந்த ஆணியைச் சுண்டினார். "பாப்போம்" என்றார் ஜம்புநாதனைப் பார்த்து. இதுவா வேலை என்று அர்த்தம்.

அக்கா வந்து அவரைப் பிடிக்கவில்லை. கைகள் இரண்டும் பாதி நீட்டியபடி இருந்தன. அவள் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. ஜம்புநாதன் அவசர அவசரமாக, அந்த ஆணியை மாற்றச் சொல்கிறேன் என்றார்.

அண்ணனை மறுபடி வீல்சேரில் உட்கார்த்திய பிறகு அக்கா சொன்னாள்: "மரமே போடுங்க தம்பி. இரும்புல இவியளுக்குக் குத்தம் சொல்ல ஒண்ணும் கிடைக்கல்ல, கையைக் கட்டி உக்காந்துட்டாவ. குத்தம் இருந்தாத்தான் எந்திச்சு நடக்காவ."

அப்படித்தான் அண்ணன் வாழ்நாளெல்லாம் வைத வீடு அவர் மனையிலேயே எழுந்தது. எழும்பிய மாதங்களில் சனிக்கிழமை தவறாமல் அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். வளைந்த மரம், கோணல் மூலை, இடைவெளி விட்ட பலகை என்று சட்டம் சட்டமாகப் பிடித்துப் போய்க் கண்டுபிடித்தார். ஜம்புநாதன் தலையெழுத்தே என்று கூடவே போனார். சபையில் சிலருக்கு அக்காமேல் மனத்தாங்கல். புருஷன் வாய்பேச முடியாத நேரம் பார்த்து அவர் ஆசையை மிதித்துவிட்டாள் என்று ஒரு பேச்சு. அது அக்காவின் காதுக்கும் வந்தது. "எனக்கு உக்காந்து வருத்தப்பட நேரம் இருந்தா வருத்தப்படுவேன் பிள்ளே" என்றாள்.

பிறகு சுவர் மூடும் நாள் வந்தது. அட்டைப்பலகைகள் வந்து இறங்கியதைப் பார்த்ததும்தான் எங்களுக்கு உறைத்தது. மூடிவிட்டால் அவர் எதைப் பிடிப்பார்? கைப்பிடிக் கம்பி போடலாம் என்றார் ஜம்புநாதன். பழைய வீட்டிலும் ஒன்று போட்டுப் பார்த்தோம், அண்ணன் அதைத் தொடவே இல்லை, அவரைப் பொறுத்தவரை அது நோயாளிக்கு உரியது. அக்கா நடையில் நின்று யோசித்தாள். படுக்கையறையிலிருந்து பாத்ரூமைத் தாண்டி ஹாலுக்கு வரும் நடை அது. இந்தச் சுவரை மூட வேண்டாம், சட்டங்களை இழைத்துப் பாலிஷ் மட்டும் போட்டு அப்படியே விட்டுவிடுங்கள் என்றாள். கூரையைத் தாங்கும் சுவர் இல்லை, கரண்டு ஒயர் மட்டும் மாற்ற வேண்டும், செய்யலாம் என்று ஜம்புநாதன் ஒத்துக்கொண்டு திரும்பியபோது, "நில்லுங்க" என்றாள். "போகும்போ சரி. திரும்பி வரும்போ நல்ல கை அந்தப் பக்கம்லா இருக்கும்? அந்தச் சுவரையும் மூடாண்டாம்."

பாதியில் விட்ட வீடு மாதிரி இருக்கும், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் எல்லாம் தெரியும், விற்கும்போது யாரும் வாங்க மாட்டார்கள் என்றெல்லாம் அவர் சொல்லிப் பார்த்தார். தெரியட்டும் தம்பி என்றாள் அக்கா.

வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு எல்லோரும் வந்தார்கள். மூடாத நடையைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலை இன்னும் முடியவில்லையா என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். அக்கா பதில் சொல்லி அலுத்து ஹால் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் கண்ணை மூட, ஃபிரெடி அங்கிள் ஆரம்பித்தார். குறையாக நிற்கும் இந்த வேலையை நிறைவாக்கித் தாரும் ஆண்டவரே என்றார். நான் கண்ணை மூடுகிற வழக்கமில்லை. அதனால் நான் மட்டும் பார்த்தேன்.

நடையை ஒட்டிப் போட்டிருந்த அண்ணனின் நாற்காலி கிறீச்சென்றது. எழுந்து, நடையில் முதல் சட்டத்தைப் பிடித்து, பாத்ரூம் பக்கம் போனார். நான் உடனே அக்காவைப் பார்த்தேன். அந்தச் சத்தத்துக்கு இந்த இரண்டு வருஷத்தில் அவள் எழாமல் இருந்ததில்லை. தலை மார்பில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஜெபம் செய்கிறாள் என்று நினைத்தேன். பிறகு சன்னமாகக் குறட்டை கேட்டது.

அண்ணன் போனதுபோலவே மறுபக்கச் சட்டங்களைப் பிடித்துத் திரும்பி வந்தார். கடைசிச் சட்டத்தில் சாய்ந்து நின்று அக்காவைப் பார்த்தார். ஆமென் என்று எல்லோரும் உரக்கச் சொன்னார்கள். அவள் அசையவில்லை. பத்மராணி ஆன்ட்டி கேக் வெட்ட வரச்சொல்லி அவள் தோளைத் தொடப் போனார்.

"பாப்போம்" என்றார் அண்ணன், ரொம்ப மெதுவாக. அந்தக் குரலில் அவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆன்ட்டிக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. நான் கேக்கைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனேன். அங்கே வைத்துச் சத்தம் போடாமல் வெட்டிக்கொண்டோம்.